பென்சிலைக் கண்டால் ‘ஆமாம்’

தனலெட்சுமி அக்கா கிழிந்த அரிசிச் சாக்குகளைத் தைக்கிறவர். பினாங்குத் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு கிட்டங்கியில் இருபது வருஷத்துக்கு மேலாக அதே வேலை. காலையில் ஒரு மலை சாக்கு வந்து விழும். சாயங்காலத்துக்குள் தைத்தாக வேண்டும். மறுநாள் வேறு மலை. “எப்படி இருக்கீங்க அக்கா?” என்று கேட்டால் “இருக்கேன்” என்பார். அதற்கு மேல் சொல்லத் தெம்பு கிடையாது.

அவர் வாழ்க்கையை எழுதி வரும்படி என்னை அனுப்பியவர் எங்கள் வாலிபர் சங்கத்துச் செயலாளர் ராமதாஸ் அண்ணன். சங்கம் கையால் எழுதி ஓர் இதழ் நடத்துகிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன் என்றாலும் என் கையெழுத்து அழகு. தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் சங்கத்தின் தண்ணீர்ப் பந்தலில் இதழை உரக்கப் படிப்பது வழக்கம். இந்த 1934ஆம் வருஷம் கள் ஒழிப்பு இதழ்.

“அந்தம்மா புருஷன் முனுசாமி குடிச்சே செத்தான்னு ஊருக்கே தெரியும். நல்லா உருக்கமா வாங்கிட்டு வா” என்றார் அண்ணன். குடித்தாரா என்று கேட்கச் சொல்லவில்லை. எப்போதிலிருந்து குடித்தார் என்று கேட்கச் சொன்னார்.

கேட்டேன்.

“கல்யாணத்துக்கு முந்தியே குடிப்பாராக்கா?”

“ஆமாம் தம்பி.”

“சம்பளம் பூரா கள்ளுக்கடைக்குத்தான்?”

“ஆமாம்.”

“தெனமும் அடிதான்?”

“ஆமாம் தம்பி. சீக்கிரம் எழுது, சாக்கு கெடக்கு.”

இவ்வளவு சுலபமாக ஒரு துயரக் கதை கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. மூன்று பக்கம் நிறைந்துவிட்டது. ஆனால் அவர் ஒரு தடவைகூடத் தலையை நிமிர்த்தவில்லை. எனக்கு லேசாகச் சந்தேகம். சந்தேகம் வந்தால் வாய் சும்மா இருக்காது. கப்பலில் வந்தவர்களை நோய்த் தடுப்புக்காக ஜெரெஜாக் தீவில் தங்கவைத்த கதைக்கு வந்ததும், “ஜெரெஜாக் தீவிலேர்ந்து பினாங்குக்கு யானை மேலதான் ஏத்திக் கொண்டாந்தாங்களாமே?” என்றேன்.

“ஆமாம் தம்பி.”

பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த நூர் பீவி அக்காவுக்கு ஊசி கை தவறியது. “ஏன்டி, நடுக்கடல்ல யானையா? எங்க வாப்பாகூட இவ்ளோ பெரிய பொய் சொன்னதில்லலா.”

தனலெட்சுமி அக்கா சிரிக்கவில்லை. “எழுதுறவங்க கேட்டா ஆமாம்னுதானே சொல்லணும்” என்றார்.

கப்பலுக்கு ஆள் சேர்க்கும் நாகப்பட்டினத்து டிப்போவில் கங்காணி ஆட்களை வரிசையாக உட்காரவைத்து அதைத்தான் பழக்கினாராம். பேனாவோடு வரும் துரை எதைக் கேட்டாலும் ஆமாம். சொந்த விருப்பத்தில்தான் போகிறாயா, ஆமாம். சாப்பாடு சரியாகக் கிடைக்கிறதா, ஆமாம். இல்லை என்று வாய் தவறிச் சொன்ன ஒரு பெண்ணைத் தனியாக நிறுத்திவிட்டார்கள். அவள் புருஷனை ஏற்றிக்கொண்டு கப்பல் போய்விட்டது.

“அன்னிலேர்ந்து பேனா பென்சிலோட யாரு வந்தாலும் ஆமாம்தான். முனிசிபல் கிராணி கணக்கெழுத வந்தாலும் ஆமாம். நீ வந்தாலும் ஆமாம்.”

அப்படியென்றால் என் மூன்று பக்கமும் யானைதான்.

எழுதியதைப் படித்துக் காட்டினேன். ‘குடிகாரக் கணவனிடம் சிக்கிச் சீரழிந்த’ என்ற இடத்தில் கோணி ஊசி நின்றது.

“இத பந்தல்ல படிப்பீங்களா?”

“படிப்போம்க்கா.”

“தைப்பூசத்துக்குக் குணவதி வருவா.”

குணவதி அவருடைய ஒரே மகள். சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அப்பா செத்தபோது வயிற்றில் இருந்தவள். வீட்டில் அவர் படம்கூடக் கிடையாது.

“அவளும் ஊர்ல சொல்றதத்தான் கேட்டு வளந்தா. நான் ஒரு நாளும் ஒக்காந்து சொன்னதில்ல. வேலை விட்டுப் போனா படுக்கத்தான் தெம்பு இருக்கும். இப்ப நீ எழுதினா, அதுதான் தம்பி அவளுக்கு அப்பன்.”

பென்சிலைப் பைக்குள் போட்டேன். அவர் தைக்க, நான் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டேன். எதுவும் கேட்கவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டாரைக் கேட்டால் தெரியும். கால்வாசி மலை கரைந்த பிறகு அவராகவே ஆரம்பித்தார்.

முனுசாமிக்கு டிராம் தண்டவாளத்துப் பள்ளத்தில் கல்லும் மணலும் சேராமல் கூட்டுகிற வேலை. பேச்சு குறைவு. மீன் என்றால் உயிர், ஆனால் முள் எடுக்கத் தெரியாது; அக்காதான் எடுத்துக் கொடுப்பாராம். கள்ளின் வாசனை பட்டாலே குமட்டும். ஒரு மழைக்காலத்தில் குளிர்காய்ச்சல் கண்டது. பிள்ளை வரப்போகிறதே என்று காய்ச்சலோடு வேலைக்குப் போனார். நடை தள்ளாடித் தண்டவாளத்தின் மேலேயே விழுந்தார். “காலையிலேயே ஏத்திட்டியா?” என்று வேலை வாங்கும் மண்டோர் விரட்டிவிட்டார். டிராம் ஓடும் சடக்கில் நின்றவர்கள் சிரித்தார்கள். குடிகாரன்தானே என்று யாரும் கை கொடுக்கவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து வீடு வந்து சேர்ந்தவர் அந்த வாரமே போய்விட்டார்.

“நெசமாவே குடிச்சிருந்தா எவனாச்சும் கூட்டாளி தூக்கிட்டு வந்திருப்பான்” என்றார் அக்கா.

மறுநாள் புதிதாக எழுதிக் கொண்டுபோனேன். ‘தெய்வம் போன்ற கணவர், கடுஞ்சொல் அறியாதவர்’ என்று படித்ததும் அக்கா கை காட்டி நிறுத்தினார்.

“இது யாரு?”

“மாமாதான்க்கா.”

“எனக்கு இவரத் தெரியாது தம்பி.”

“இப்படி ஒரு ஆம்பள பினாங்குல இருந்திருந்தா நான் விட்டிருப்பேனா?” என்றார் நூர் பீவி அக்கா.

“கோவம் வரும் அவருக்கு. ஒரு தரம் என்னை அறைஞ்சாரு. நானும் கரண்டியால போட்டேன். ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரிஞ்சோம்.”

“அத விட்டுடலாம்க்கா. பந்தல்ல ஆளுங்க இருப்பாங்க.”

ஊசியை நிறுத்தாமல் இன்னும் நாலு தையல் போட்டார். “போடு. நல்லத மட்டும் சொன்னா குணவதி நம்ப மாட்டா. கேட்ட நானே நம்பல.”

பிறகு தினமும் மத்தியானச் சோற்று வேளையில் நான் படிப்பதும் அவர் அடித்து எழுதச் சொல்வதுமாகப் போனது. தெய்வம் போனார், கரண்டி நின்றது. மீன் முள்ளை வெட்டிவிடலாம் என்று பார்த்தேன், அவர் விடவில்லை. சிரித்தவர்களை நாலு வார்த்தை திட்டி எழுதியிருந்தேன். அது வேண்டாம் என்றார். “நானும் எத்தனையோ பேரு விழுந்து கெடக்கறப்ப ஒதுங்கிப் போயிருக்கேன். குடின்னு நெனச்சுத்தான்.”

ராமதாஸ் அண்ணன் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “குடிக்காதவன் கதைய வச்சு நான் எப்படிக் கள்ள ஒழிக்கிறது?”

“வேற கதை கைவசம் இல்லண்ணே. வெறும் பக்கமா விட்டுடலாமா?”

கடைசிப் பக்கத்தில் போட்டார்.

தைப்பூசத்தன்று வெயிலில் காவடிகள் மலைக்குப் போய்க்கொண்டிருந்தன. குணவதி இடுப்பில் குழந்தையோடு தண்ணீர்ப் பீப்பாய் ஓரமாக நின்றாள். நான் படித்தேன். கள் ஒழிப்புக் கட்டுரைகளுக்கு மரியாதையாகத் தலையாட்டியவர்கள் கரண்டிக்குச் சிரித்தார்கள். மாமா விழுந்த இடத்தில் அவர்களே தரையைப் பார்த்தார்கள். முடிந்ததும் கூட்டம் மோருக்கு நகர்ந்தது.

குணவதி என்னிடம் வந்தாள்.

“தம்பி, செவுத்தப் புடிச்சிக்கிட்டே வந்தாருன்னு படிச்சியே, எந்தத் தெரு வழியா வந்தாரு?”

எனக்குத் தெரியாது. அதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. “அம்மாவக் கேளுங்கக்கா” என்றேன்.

திரும்பிப் பார்த்தோம். தனலெட்சுமி அக்கா பந்தல் காலில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்தபடி, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். குணவதி எழுப்பவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள், அவர் விழிக்கட்டும் என்று.