கையில் இல்லாத லாபம்

மஞ்சள் தாளில் பென்சிலால் போட்ட ஒரு கணக்கு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. தொண்ணூறுகளின் நடுவில், நியூ ஜெர்சியில் ஐசலின் பக்கம் ஒரு சிறிய வரி அலுவலகத்தில் நான் சேர்ந்த முதல் வருடம் போட்டது. கணக்கு, நாங்கள் பிரஸ் ஆன்டி என்று கூப்பிடும் வாடிக்கையாளருடையது. கல்யாணப் பத்திரிகைகளும் ஓட்டல் மெனுக்களும் அச்சடிக்கும் கம்பெனியைக் கணவர் போன பிறகு அவர் தனியாக நடத்தி வந்தார். பங்குகள் முழுவதும் அவர் பெயரில்.

அந்த வருடம் கம்பெனி லாபம் கண்டது. பழைய நஷ்டங்களைக் கழித்ததில் கம்பெனிக்கு வரி வரவில்லை. ஆனால் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஆன்டி கம்பெனியிலிருந்து பதினெட்டாயிரம் டாலர் எடுத்திருந்தார். அதில் டிவிடெண்ட், அதாவது லாபத்திலிருந்து பங்குதாரருக்குப் போகும் பங்கு, எவ்வளவு என்று அறிய, அந்த வருட லாபத்தைத் தனியாகக் கணக்கிட வேண்டும். அதில் பழைய நஷ்டம் செல்லாது. லாபம் உள்ள அளவுக்கு எடுத்த பணம் டிவிடெண்ட். அதற்கு அவர் வரி கட்ட வேண்டும். மிச்சம், அவர் போட்ட முதல் திரும்பி வந்தது. அதற்கு வரி இல்லை. என் கணக்கில் பதினெட்டாயிரமும் டிவிடெண்ட் ஆனது.

ஆன்டியின் முகம் வெளுத்தது. "இவ்வளவு டாக்ஸ் பே பண்ணிட்டா அடுத்த செமஸ்டருக்கு எங்கம்மா போவேன்?" என்றவர், குரலைத் தாழ்த்தி, "அந்த ஃபைனை மைனஸ் பண்ணியா?" என்று கேட்டார். மை கழுவிய கெமிக்கலை ஊழியர் ஒருவர் சாக்கடையில் ஊற்றியதற்காகக் கம்பெனி கட்டிய பெரிய அபராதம் அது. அதைப் பற்றிப் பேசவே அவருக்குக் கூச்சம்.

"ஃபைனை டிடக்ட் பண்ண முடியாது ஆன்டி. லா அப்படி."

"சரி. ஆனா அந்தப் பணம் போயே போச்சே! கம்பெனி கையில இல்லாததை லாபம்னு நான் எப்படி எடுத்திருக்க முடியும்?"

சட்டப் புத்தகத்தைத் திறந்தேன். கம்பெனியின் வருமான வரியில் கழிக்கக் கூடாத அதே அபராதத்தை, டிவிடெண்டுக்கான இந்தக் கணக்கில் கழித்தே ஆக வேண்டும் என்று இருந்தது. காது சுட்டது. "தப்பு என்னோடது ஆன்டி, சாரி" என்றேன். அழித்து எழுதியபோது டிவிடெண்ட் ஏழாயிரத்துக்கு இறங்கியிருந்தது.

"அந்த ஃபைன் பத்தி வாயே திறக்கக் கூடாதுன்னுதான் வந்தேன்" என்று சிரித்தார் ஆன்டி.

இன்று இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டர் நொடியில் போட்டுவிடுகிறது. அதிலும் ஒவ்வொரு தொகைக்கும் நான் கேட்டுப் பார்ப்பது அவருடைய கேள்வியைத்தான்: இந்தப் பணம் உண்மையில் கம்பெனி கையில் இருந்ததா?

அடுத்த செமஸ்டர் தொடங்குமுன் ஆன்டி எங்கள் ஆபீஸ் வாசலில் காரை நிறுத்தினார். இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கி, "காலேஜுக்கு செக்கை மெயில் பண்ணிட்டேன்மா!" என்று கத்திவிட்டுப் போனார்.