மாடிக்குப் போன குதிரைகள்

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து சங்கரன்கோவிலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஜெயசித்ராவின் பெட்டியில் ஒரு செஸ் அட்டை இருந்தது. இருபத்து மூன்று வருடமாக வாரமெல்லாம் ஜாக்கெட் தைக்கிறாள். ஞாயிறு மதியம் புருஷன் சுடலைமணியோடு ஓர் ஆட்டம். விசைத்தறியில் வேலை பார்க்கும் அவனுக்கு ஆடச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். எடுத்ததும் இரண்டு குதிரைகளையும் வெளியே இறக்குவது அவள் வழக்கம். அவனும் அப்படியே பழகிவிட்டான்.

மாடிக்குக் குடிவந்த தாலுகா ஆபீஸ் கோகிலா ஒருநாள் ஜாக்கெட் துணியோடு வந்து சொன்னாள்: "மதினி, அண்ணாச்சி எனக்கு ரெண்டு குதிரை ஆட்டம் சொல்லித் தந்தாவ. பிரமாதம்!"

அந்த ஜாக்கெட்டின் கைச்சுற்று அரை இஞ்ச் குறைவாக வெட்டுப்பட்டது. அதன்பின் சுடலைமணி காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போனாலும் ஜெயசித்ரா கடிகாரத்தைப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு கோகிலாவை அவளே கூப்பிட்டாள். "வா, என்கூட ஒரு ஆட்டம் போடு."

கோகிலா குதிரையைத்தான் முதலில் எடுத்தாள். ஜெயசித்ராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு காயாக வெட்டி, கடைசியில் ஒற்றை ராஜாவை மூலையில் அடைத்தாள்.

"இனி எங்கன போவ? ஜெயிச்சாச்சு!"

"செக் வைக்கலையே மதினி. செக் இல்லாம ராஜாவுக்குப் போக்கிடம் அடைஞ்சா டிரால்லா?"

"எங்க வீட்டுல அது ஜெயிப்புதான்."

"அண்ணாச்சியே சொல்லட்டும்."

கடலை உரித்துக்கொண்டிருந்த சுடலைமணி தலை நிமிராமல் சொன்னான்: "டிராதான்."

கோகிலா மாடியேறியதும் ஜெயசித்ரா கேட்டாள்: "இது எப்பலேர்ந்து தெரியும்?"

"பத்து வருசமிருக்கும். ராயகிரியில ஒரு போட்டி பாக்கப் போனேம்லா."

"அப்ப நீங்க என்கிட்ட தோத்ததுல பாதி டிராவா?"

"ராஜாவை அடைச்சதும் நீ கைதட்டுவ. அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்ட்டி."

"அவளுக்கும் அப்படி விட்டுக்கொடுத்தீங்களா?"

"அவளுக்கு எதுக்கு? மொத நாளே சட்டத்தைச் சொல்லிட்டேன்."

சட்டம் அவளுக்கு, விட்டுக்கொடுத்தது தனக்கு. இதில் எது பெரிசு என்று ஜெயசித்ராவுக்குப் பிடிபடவில்லை. காய்களை மறுபடி அடுக்கினாள்.

"உக்காருங்க. இனி டிரான்னா டிரா."

அவன் கை வழக்கம்போலக் குதிரைக்குப் போனது.

"அதைத் தொடாதீங்க. அது மாடிக்குப் போயிட்டு. வேற தொடங்குங்க."

வெகுநேரம் யோசித்து அவன் ஒரு சிப்பாயை நகர்த்தினான்.

கை இறுக்குகிறதென்று கோகிலா திருப்பிக் கொடுத்த ஜாக்கெட் இன்னும் மிஷின் மேல்தான் கிடக்கிறது. ஜெயசித்ரா அதன் தையலைப் பிரிக்கவில்லை.