ஆஸ்பத்திரிக்கு ஆள் சேர்த்த விதம்

என் தம்பியின் காலைத் தின்றவர் எங்கள் மைனின் பெரிய துரை. சுரங்கத்தில் பாறை விழுந்து எலும்புதான் உடைந்தது. மீதியைச் செய்தவர் அவர்.

ஆஸ்பத்திரிக்கு ஆள் போதவில்லை என்று டாக்டர் பலமுறை அவரிடம் சொன்னார். பெரிய துரை கெட்டிக்காரர். சுரங்கக் குழியான ஷாஃப்டில் அடிபட்டு, இனிக் கீழே இறங்க லாயக்கில்லை என்று கழித்துவிட்டவர்களையெல்லாம் ஆஸ்பத்திரி வேலைக்கு அனுப்பினார். வெளியே ஆள் தேடும் சிரமமே இல்லை. மைனே தயாரித்துக் கொடுத்தது. எனக்கு வலது கை போயிருந்தது. கட்டுப் போடச் சொன்னார்கள். என்னோடு இருந்த பெரியவருக்கு வெடியில் இரண்டு கண்ணும் போயிருந்தன. நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

காயத்துக்குக் கட்டுப் போடும் வேலை கற்றவர் ஒரே ஒரு டிரஸ்ஸர். தம்பியைத் தூக்கி வந்த அன்று அவர் பேத்தமங்களா ஏரியில் இருந்தார். வாத்து சுடப் போகிற துரைமாருக்கு முள் குத்திவிட்டால் என்ன செய்வது? அதனால் டாக்டரையும் டிரஸ்ஸரையும் மருந்துப் பெட்டியோடு கூட்டிப்போவது வழக்கம்.

தம்பியின் முழங்காலுக்குக் கீழே ரத்தம் கொட்டியது.

"எங்கடா ஊத்துது? என் கைய புடிச்சி வையி" என்றார் பெரியவர்.

வைத்தேன். அவர் துணியைச் சுற்றினார். ஒரு முனையை நான் பல்லால் கடித்து இழுத்தேன். முடிச்சு வழுக்கிக்கொண்டே போனது.

"இன்னாண்ணே, கட்டு கட்றியா, கரும்பு கடிக்கிறியா?" என்றான் தம்பி. அந்த வலியிலும் அவனுக்கு வாய் குறையவில்லை.

"இன்னும் மேல கட்டுங்க மாமா" என்றேன். பெரியவரின் கை தடவித் தடவி அடுத்த காலுக்குப் போய்விட்டது.

"அய்யோ மாமா, அது நல்ல காலு!" என்று கத்தினான் தம்பி.

ஒருவழியாக ரத்தம் நின்றது. இறுக்கிய கட்டை எப்போது தளர்த்த வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பொழுது சாய, டாக்டர் வாத்துகளோடு வந்து சேர்ந்தபோது கால் கருத்திருந்தது.

"டிரஸ்ஸர் இருந்திருந்தால் கால் தப்பியிருக்கும்" என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு வெட்டினார்.

காயம் ஆறியபின் பெரிய துரை வார்டைப் பார்க்க வந்தார். ஊன்றுகோலோடு நின்ற தம்பியைக் காட்டி, கூட வந்த குமாஸ்தாவான ரைட்டரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

"துரைக்கு ரொம்ப சந்தோஷம்பா" என்றார் ரைட்டர். "ஆஸ்பத்திரிக்கு இன்னொரு ஆளு கெடச்சிட்டான். நாளைலேர்ந்து நீ ஸ்ட்ரெச்சர் தூக்கு."

"ஒரு பக்கம் நான் தூக்கறேன். இன்னொரு பக்கம் துரை புடிப்பாரான்னு கேளுங்க ரைட்டரய்யா" என்றான் தம்பி.

ரைட்டர் அதை மட்டும் இங்கிலீஷில் சொல்லவில்லை.

ஆட்கள் போய்வரும் கூண்டான கேஜை ஷாஃப்டில் ஏற்றி இறக்கும் எஞ்சினுக்கு ஷிஃப்டுக்கு ஒரு டிரைவர் உண்டு. அவனுக்குக் காய்ச்சல் வந்தால் மாற்று ஆளும் உண்டு. கண்ணில்லாதவனையோ கையில்லாதவனையோ அந்த எஞ்சின் பக்கம் விடுவதில்லை. ஆஸ்பத்திரிக்கும் வேலை கற்ற டிரஸ்ஸரை ஷிஃப்டுக்கு ஒருவராக ஏன் வைக்கவில்லை? வேலூர்ப் பக்கம் ஆளே இல்லையா? இங்கே எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் முடியாதா? பெரிய துரை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஷாஃப்ட் வாசலுக்கு வரட்டும். ஏறி வருகிறவனும் இறங்கப் போகிறவனும் கேட்கும்படி இதற்குப் பதில் சொல்லட்டும்.