பொதுப் படியில் வைத்த தொட்டிகள்

எங்கள் மலையூரில் சீசன் முடியப்போகும் நேரத்தில் பிடித்த மழை விடவே இல்லை. எங்கள் வீட்டு வெளிப்படிக்கட்டில் வைத்திருந்த பெட்டூனியாச் செடிகள் எல்லாம் அழுகிவிட்டன. பூக்கள் தண்டோடு ஒட்டிக் கிடந்தன. தண்டைத் தொட்டால் வழுவழுவென்று கையோடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை, சுற்றுலா வருபவர்களுக்கு நாங்கள் வாடகைக்கு விடும் மேல் அறைக்கு மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. "போட்டோல இருக்க பூவெல்லாம் இப்பவும் இருக்குங்களா?" என்று போனில் கேட்டார்கள். யோசிக்காமல் இருக்கு என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் படிக்கட்டு எங்களுக்கு மட்டும் உரியதல்ல. பாகம் பிரித்தபோது வீட்டின் இடது பாதி என் கணவரின் அண்ணனுக்கும் வலது பாதி எங்களுக்கும் வந்தது. படி பொதுவில் நின்றுவிட்டது. அண்ணன் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தண்ணீர் டேங்க் யாருக்கு என்ற பேச்சில் வார்த்தை தடித்த பிறகு அதுவும் நின்றுபோனது. ஒருவர் படியேறினால் மற்றவர் இறங்காமல் கதவுக்குள்ளேயே நிற்போம்.

வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஏறிப் பெருமாள்மலை நர்சரிக்குப் போனேன்.

"சீசன் முடியப்போகுது, இப்பப் போயி பெட்டூனியா கேக்குறீங்களேம்மா. ஜெரேனியம் கெடக்கு, கொண்டு போங்க" என்றார் கடைக்காரர்.

"என்ன கலருங்க?"

"பூத்தாத்தாம்மா தெரியும்."

இரண்டு பை நிறைய நாற்று வாங்கிக்கொண்டு திரும்பினால், படியில் ஒரு தொட்டியும் இல்லை. எல்லாவற்றையும் கழுவி இடது பக்கச் சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்தார்கள். என் தொட்டி மண் முழுவதும் அக்கா வீட்டுத் தாழ்வாரத்தில் சாக்கு மேல் பரப்பிக் கிடந்தது. அக்கா குச்சியால் அதைக் கிளறிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. யாரைக் கேட்டுத் தொட்டீர்கள் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்ததென்னவோ "அக்கா" என்ற சொல்தான்.

அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அடி ஓட்டையெல்லாம் அடைச்சுக் கெடக்கு. தண்ணி போக வழியில்ல. இந்த ஈர மண்ணுலயே வச்சா புதுசும் அழுகிப் போகும். காயட்டும்."

"ஞாயித்துக்கெழம ஆளு வருதேக்கா."

"வரட்டும். படியேறத்தான வாராக" என்று உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் வந்த கணவரிடம் சொன்னேன். "சமாதானமா வந்துருக்காகளா?" என்றார்.

"தெரியல."

"அப்ப சண்டைக்கா?"

"அதும் தெரியலங்க."

மறுநாள் காலையில் நான் படியில் கால் வைத்தேன். எதிரே வந்த அக்கா சட்டென்று கதவுக்குள் போய் நின்றுகொண்டார். நேற்று பேசியது நிஜமா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மதுரைக்காரர்கள் வெறும் படியில் ஏறிப் போனார்கள். பூவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் போன பிறகுதான் கொஞ்சம் வெயில் வந்தது. ஒரு மதியம் கதவைத் திறந்தால், காய்ந்த மண் சாக்கோடு என் வாசலில் இருந்தது. பக்கத்தில் தொட்டிகள்; தண்ணீர் வடிய அவற்றுக்குள் அடியில் ஓட்டுச் சில்லும் போட்டு வைத்திருந்தார் அக்கா. நாற்றுகளை நட்டு முன்போலவே படியில் வலது ஓரமாக வரிசையாக வைத்தேன்.

அடுத்த வாரம் பார்த்தால் பாதித் தொட்டிகள் இடது ஓரத்துக்குப் போயிருந்தன. அந்தப் பக்கம்தான் காலை வெயில் விழும். செடி நன்றாக வரட்டும் என்று நகர்த்தினாரா, பொதுப் படி என்பதால் பாதி தனக்கு என்று எடுத்துக்கொண்டாரா? கேட்டுவிடலாம் என்று அவர் கதவு வரை போனேன். உள்ளே குக்கர் விசில் அடித்தது. என்னவென்று ஆரம்பிப்பது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது இரண்டு ஓரத்துக்கும் நானே தண்ணீர் விடுகிறேன். சில நாள் நான் வெள்ளனே எழுந்து போனாலும் என் பக்கத்துத் தொட்டிகள்கூட ஏற்கெனவே நனைந்திருக்கின்றன. பேச்சு இன்னும் இல்லை. அதனால் விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் செம்பைச் சாய்க்கிறேன்.