பாஸ் கேட்காத ஆல்பம்

எனக்கு உயிரான, த்ராஷ் மெட்டல் என்னும் அதிரடி ராக் வகைப் பழைய ஆல்பம் ஒன்றில் பாஸ் கிட்டார் கேட்கவே கேட்காது. என் மலிவான இயர்போனின் குறை என்றே பல வருடங்களாக நினைத்திருந்தேன்.

அன்று கற்பிட்டியில் எங்கள் வீட்டில் என் கலியாணப் பேச்சு. மாப்பிள்ளை வீட்டாரும் எங்கள் ஆண்களும் ஹாலில் இருந்தார்கள். உம்மாவும் நானும் கதவுத் திரைக்குப் பின்னால், அறைக்குள். அவர்களுடைய கதை பொறுக்காமல், புதிதாக வாங்கிய ஹெட்போனை மாட்டி, அதே ஆல்பத்தை ஹை-ரெஸ் என்னும் மிகத் துல்லியமான ஒலியில் போட்டேன். டிரம்மில் குச்சி படும் இடம்கூடத் தெரிந்தது. பாஸ் மட்டும் இல்லை. அப்படியென்றால் குறை இயர்போனில் இல்லை: பாஸ்காரன், பாவி மனிதன், வாசித்திருக்கிறான், ஒலிப்பதிவில் மற்றவர்கள் வேண்டுமென்றே அமுக்கிவிட்டார்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். ஹாலில் மாமாவின் குரல்: "புள்ள ஓம் எண்டுட்டா. வேலையையும் உட்டுருவா."

என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. திரையை இழுத்து விலக்கினேன்.

"நான் ஓம் எண்டு சொல்லல்ல மாமா. வேலைய உடவும் மாட்டன்."

"உள்ளுக்குப் போ!" வாப்பா கத்தினார்.

"அவள் கதைக்கட்டும்."

பின்னால் நின்ற உம்மாதான் அப்படிச் சொன்னார். ஹாலில் ஆண்கள் இருக்கும்போது அவர் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. ஆல்பத்தில் பாஸ் இன்னும் இல்லை. போடும்போதெல்லாம் கோபம் வருகிறது. அதைக் குறைக்கிற எண்ணம் எனக்கில்லை.