பெட்டிக்குள் ஒரு குமிழி

கட்டாத வீட்டுக்குப் படம் போடுகிறவன் அந்தத் தம்பி. அங்கே அஸ்திவாரமே தோண்டியிருக்க மாட்டார்கள். இவன் படத்தில் ஜன்னலில் வெயில் விழும், மாடியில் துணி காயும். அப்படி ஒரு படம் உருவாக அவன் கம்ப்யூட்டருக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போதவில்லை, இரண்டு. பார்த்துப் பார்த்து அவனே பூட்டிய பெட்டி. கார்டு இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுப்புபோலக் கொதிக்கும். கொதித்தால் சூடு தணிக்கும் காற்றாடிகள் அலறும்.

அலறினால் அலறட்டும் என்று விட முடியுமா? பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் அக்கா கதை வாசித்துப் பதிவு செய்கிறாள். அதுதான் அவள் பிழைப்பு. குரல் தேனாக இருந்து என்ன, பின்னால் மில் ஓடினால் யார் கேட்பார்கள்? இரைச்சல் என்று பதிவு மறுபடியும் திரும்பி வந்த அன்று அவள் பொறுமை அறுந்தது.

"இந்த வீட்டுல ஒண்ணு உன் பெட்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"என்னைப் போகச் சொல்றியாக்கா?"

"பெட்டியைச் சொன்னேன். துணைக்கு நீயும் போறதுன்னா உன் இஷ்டம்."

தனி வீடு பார்த்துப் போகலாம்தான். ஆனால் அம்மா போன பிறகு அவனுக்கு அவள், அவளுக்கு அவன். சண்டை போடவாவது ஆள் வேண்டாமா?

தண்ணீர் வைத்துவிடுவது என்று துணிந்தான். மின்சாரப் பெட்டிக்குள் தண்ணீரா என்று வாயைப் பிளக்க வேண்டாம். கார் எஞ்சினுக்கு ரேடியேட்டர் இல்லையா? அதே சங்கதிதான். கார்டின் காற்றாடியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் செம்புக் கட்டி ஒன்றை அழுத்திப் பூட்டுவார்கள். கட்டிக்குள் தண்ணீர் ஓடும். சூட்டை வாரிக்கொண்டு குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போய் ஆறித் திரும்பும். சுற்றவிட ஒரு சின்ன பம்ப், தண்ணீர் ஊற்ற மேலே ஒரு தொட்டி. அவ்வளவுதான். ஆனால் மூட்டு ஒழுகினால் குடி மூழ்கிப் போகும்.

அதனால் கார்டுகளுக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டான். மூட்டுக்கு மூட்டு டிஷ்யூ காகிதம் விரித்து, பகல் முழுக்க எதிரே குந்தியிருந்தான்.

"அடை காக்குறியா? எப்போ பொரியும்?" என்று எட்டிப் பார்த்தாள் அக்கா.

"கிட்ட வராத. எதையும் தொடாத."

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவன் பொருளில் இன்னொரு கை பட்டால் ஆகாது.

காகிதம் நனையவில்லை. கார்டுகளையும் ஓட்டினான். சூடு இறங்கியது, அலறலும் ஒழிந்தது. அக்கா ஹெட்போனை மாட்டி மைக்கைத் திறந்தாள். முகம் சுருங்கியது.

"யாரோ வாய் கொப்பளிக்கிறாங்க."

தலைவலி போய்த் திருகுவலி வந்தது. ஓடும் தண்ணீருக்குள் காற்று மாட்டிக்கொண்டு களக், களக் என்றது.

"போகப் போகத் தானா அடங்கிடும்க்கா."

"அதுவரைக்கும் நான் ஊமையா இருக்கவா?"

"எங்க மாட்டியிருக்குன்னு தெரிஞ்சா சாய்ச்சு எடுத்துடுவேன். கண்ணுக்குத் தெரியலையே!"

"காதுக்குத் தெரியும். தள்ளு."

தம்பி தயங்கினான். பிறகு தள்ளி உட்கார்ந்தான். அவள் மைக்கைக் குழாய் குழாயாக நகர்த்திக்கொண்டே வந்தாள், டாக்டர் நெஞ்சில் வைத்துப் பார்ப்பதுபோல. "இங்க இல்ல... இங்கயும் இல்ல... இதோ! கீழ் கார்டு, இந்த ஓரம்."

அவன் கார்டுகளை நிறுத்தி, பம்பை மட்டும் விட்டுவிட்டுப் பெட்டியைச் சாய்த்தான்.

"இன்னும் சாய்."

"விழுந்துடும்க்கா!"

"நான் பிடிச்சிருக்கேன்டா. சாய்."

சாய்த்தான். கட்டைவிரல் அளவுக்கு ஒரு குமிழி புறப்பட்டு, குழாயில் ஏறி, மேலே இருந்த தொட்டியில் பொளக்கென்று உடைந்தது. அதன் பிறகு சத்தமே இல்லை.

பெட்டி ஒரு பக்கம் ஓட, அக்கா வாசிக்க உட்கார்ந்தாள். இரண்டு வரி போயிருக்கும், நிறுத்தினாள்.

"என்னக்கா, மறுபடியும் குமிழியா?"

"இல்ல. நீ மூச்சு விடுறது கேக்குது. கொஞ்சம் வெளிய நடந்துட்டு வா."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி பூனை நடை நடந்து போய், கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.