அது செகண்ட்ஸ் இல்லீங்க

போன மாதம் ஜங்ஷன் ரோட்டில் ஒரு மொபைல் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் கொடுத்த டேப்லெட்டைக் கையில் வாங்கி, குப்புறத் திருப்பி, ஆட்காட்டி விரலை மடக்கி ‘டக் டக்’ என்று தட்டி, காதைப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

கடைக்காரர் சலீம் பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன சார் பாக்கறீங்க?”

“விரிசல் இருந்தா சத்தம் மாறும் பாய்.”

பாய் பரங்கிப்பேட்டைக்காரர். பல வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்து, இங்கே கடை போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. பீங்கான் சூளைகளுக்குப் பேர்போன விருத்தாசலத்துக்காரன் கையில் பீங்கானைக் கொடுத்தாலும் சரி, பூசணிக்காயைக் கொடுத்தாலும் சரி, தட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? “பேட்டரியெல்லாம் நல்லாத்தான் இருக்குது சார்” என்றார் பாவம்.

டேப்லெட் எனக்கில்லை. வசந்தாவுக்கு.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் மனைவியைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன் – இருபத்திரண்டு வருடம் இங்கே ஒரு செராமிக் யூனிட்டில் தரம் பிரிக்கிற வேலை பார்த்தவள். சூளையிலிருந்து வருகிற கப்பையும் சாஸரையும் தட்டி, தடவி, குறை இல்லாததை ஒரு பக்கமும் குறை இருப்பதை இன்னொரு பக்கமும் அடுக்க வேண்டும். அந்த இன்னொரு பக்கத்துக்குத்தான் எங்கள் ஊரில் ‘செகண்ட்ஸ்’ என்று பெயர். எல்லாம் புத்தம் புதுசுதான். பளபளப்புப் பூச்சில் ஒரு கரும்புள்ளி இருக்கும், அல்லது கைப்பிடி ஒரு நூல் சாய்ந்திருக்கும். விலை பாதி. நாங்கள் வீட்டில் டீ குடிப்பதே அதில்தான்.

வேலையை விட்டபிறகு வசந்தாவுக்குப் படிக்கிற பைத்தியம் பிடித்தது. அதுவும் துப்பறியும் நாவல். எவ்வளவு தடியாக இருக்கிறதோ அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் முடக்குவாதம் வந்தது. விரல் முட்டிகள் வீங்கி, விரல்கள் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டன. அப்போது அவள் எண்ணூறு பக்க நாவல் ஒன்றில் முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தாள். கொலை நடந்துவிட்டது. செய்தது யாரென்று தெரியாது. புத்தகத்தைப் பிடிக்கக் கையில் தெம்பில்லை.

மடியில் தலையணை வைத்துப் பார்த்தோம்… கழுத்து வலித்தது. மர ஸ்டாண்டு வாங்கிக் கொடுத்தேன்… பக்கத்தைப் புரட்ட விரல் ஒத்துழைக்கவில்லை. நானே வாசித்துக் காட்டினேன். மூன்றாம் நாள், “போதுங்க. நீங்க படிச்சா கொலகாரனும் போலீஸும் ஒரே ஆளு மாதிரி பேசறாங்க” என்று சொல்லிவிட்டாள்.

கடைசிப் பக்கத்தைப் பார்த்து ஆளை மட்டும் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

“சொன்னீங்கன்னா ஸ்ரீமுஷ்ணம் போயிடுவேன்” என்றாள். அது அவள் பிறந்த ஊர். முப்பது வருடக் குடித்தனத்தில் இந்த மிரட்டலை அவள் விடுத்தது இது இரண்டாவது முறை. புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒரு சாயந்திரம் அந்தப் புத்தகத்தை அலமாரியில் ஏற்றி வைக்கச் சொன்னாள். “நானும் செகண்ட்ஸ் ஆயிட்டேன்ல?” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கப்புறம்தான் டேப்லெட் யோசனை. முதலில் பக்கத்து வீட்டு டீச்சரிடம் ஒன்று இரவல் வாங்கினேன். பெரிய ஸ்கிரீன், மலிவு விலை, அரைக் கிலோ எடை. வசந்தா அதை நாலு நிமிஷம் பிடித்திருந்தாள். அப்புறம் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அப்படியானால் சின்னதாக, லேசாக ஒன்று வேண்டும். சின்னது மலிவாகத்தானே இருக்கும்?

அங்கேதான் நீங்களும் நானும் ஏமாறுகிறோம். கத்திரிக்காய் எடை கூடினால் விலை கூடும். டேப்லெட் எடை குறைந்தால் விலை கூடும்! ஒரு கையில் அடங்குகிற, எழுத்து அச்சடித்தமாதிரி தெரிகிற, முந்நூறு கிராம்கூட இல்லாத அந்தக் குட்டி டேப்லெட்டின் விலையைச் சலீம் பாய் சொன்னதும் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் காசுக்கு மலிவு டேப்லெட் நாலு வாங்கலாம். ஆனால் நாலையும் வசந்தாவால் பிடிக்க முடியாதே… அப்புறம் எது மலிவு?

என் முகத்தைப் பார்த்து பாய் குரலைத் தணித்தார்.

“இதே மாடல் செகண்ட்ஸ் ஒண்ணு இருக்குது சார். பாதி விலைக்கு வரும்.”

செகண்ட்ஸா! காதில் தேன் பாய்ந்தது. டேப்லெட் கம்பெனியிலும் எங்கள் ஊர் மாதிரி தரம் பிரிக்கிறார்கள் போலிருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

“எங்க குறை பாய்?”

“பின்னாடி லேசா ஒரு கீறல் சார். வேற ஒண்ணும் இல்ல. டப்பா மட்டும் கெடையாது.”

செகண்ட்ஸுக்கு எந்த ஊரில் டப்பா கொடுக்கிறார்கள்? வைக்கோலில் சுற்றித்தானே தருவார்கள். என் சந்தேகமெல்லாம் தீர்ந்துபோய்விட்டது. அப்போதுதான் அந்த ‘டக் டக்’.

வீட்டுக்கு வந்து பெருமையாக நீட்டினேன். “புதுசு. செகண்ட்ஸ். பாதி விலை.”

வசந்தா ஸ்கிரீனைப் பார்க்கவே இல்லை. கோணிய விரல்களால் நாலு ஓரத்தையும் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தாள். இடது ஓரத்தில் ஓரிடத்தில் நின்றாள். திரும்பவும் தடவினாள்.

“இது செகண்ட்ஸ் இல்லீங்க. யாரோ வச்சிருந்தது.”

“எப்படிச் சொல்ற?”

“ஓரமெல்லாம் சொரசொரப்பா இருக்குது. இந்த ஒரு எடம் மட்டும் வழவழன்னு இருக்குது பாருங்க. பெருவெரல் வச்சு வச்சுத் தேஞ்சது. சூளையில வர்ற குறை எங்க வேணா வரும். கைப்பட்டு வர்றது கை வைக்கிற எடத்துலதான் வரும்.”

தடவிப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது. ஆனாலும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னையா ஏமாற்றினார்? தரம் பிரிக்கிறவளின் புருஷனையா? மறுநாள் கடை திறக்கும்போது நான் வாசலில் நின்றேன்.

“பழசைப் புதுசுன்னு குடுத்திருக்கீங்களே பாய்?”

“நான் எங்க சார் புதுசுன்னேன்? செகண்ட்ஸ்னு சொல்லித்தானே குடுத்தேன்?”

“செகண்ட்ஸ்னா புதுசுதானே?”

“செகண்ட்ஸ்னா எப்படி சார் புதுசாவும்?”

அப்புறம்தான் விளங்கியது. அவர் சொன்னது செகண்ட் ஹேண்ட். நான் கேட்டது சூளையிலிருந்து வந்த செகண்ட்ஸ். விளக்கிச் சொன்னதும் பாய் கல்லாவில் கை ஊன்றிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வர. நேற்று நான் எதற்குத் தட்டினேன் என்பதும் அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

“தப்பு என்னுதும்தான் சார். வெவரமா சொல்லியிருக்கணும். கொண்டாந்துடுங்க, முழுக் காசும் வாபஸ்” என்றார். நான் கிளம்பும்போது, “முன்னாடி வச்சிருந்த அம்மாவும் படிக்கத்தான் சார் வச்சிருந்தாங்க. வேற எதுவும் பாக்கமாட்டாங்களாம்” என்று சேர்த்துச் சொன்னார்.

அப்படிச் சொல்லி அனுப்ப எத்தனை கடைக்காரர்களுக்கு மனசு வரும்? நான் போட்ட சத்தத்துக்குக் கதவைச் சாத்தியிருக்கலாம். பாய், உங்களிடம் அன்றைக்குச் சொல்லாத மன்னிப்பை இங்கே எழுதிக் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்தேன். வசந்தா ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தாள். கையில் டேப்லெட். காலையிலேயே டீச்சர் வந்து அந்த நாவலை அதில் இறக்கி, எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். தேய்ந்த அந்த இடத்தில் வசந்தாவின் பெருவிரல் பாந்தமாக உட்கார்ந்திருந்தது. பக்கம் திருப்ப ஒரு விரல் லேசாகப் பட்டால் போதும். பட்டது. திரும்பியது. இரண்டு வருடம் கழித்து அவள் தானாக ஒரு பக்கம் புரட்டுகிறாள்!

முகம் தெரியாத அந்த அம்மா எந்த ஊரில் இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

“குடு வசந்தா. பாய் காசு வாபஸ் தரேன்னுட்டார். வேணும்னா கடன உடன வாங்கி ஃபர்ஸ்ட் குவாலிட்டியே எடுத்துடலாம்” என்றேன். நிஜமாகவேதான் சொன்னேன்.

அவள் நிமிரவில்லை.

“செகண்ட்ஸ்னா ஆவாததுன்னு யாருங்க சொன்னது? இந்தக் கொல முடியட்டும், அப்புறம் பாக்கலாம்.”

அந்தக் கொலை முடிந்து மூன்று வாரமாகிறது. எங்கள் வீட்டில் இப்போது நான்காவது கொலை நடந்துகொண்டிருக்கிறது.